முயற்சியாண்மையின் வரலாறு என்ன? இலங்கையின் கிழக்கில் இத்தனை சிறுதொழில்கள் இருந்தும் ஊர் ஏன் வளரவில்லை?

கேள்வி கேட்டவர் மட்டக்களப்பிலிருந்து எழுதியிருக்கிறார். தெருவுக்குத் தெரு கடையும் தையல் மெஷினும் கோழிக்கூடும் இருக்கின்றன, பயிற்சிப் பட்டறைகளும் கடன் திட்டங்களும் ஓயாமல் நடக்கின்றன, ஆனாலும் ஊர் அப்படியே கிடக்கிறதே, முயற்சியாண்மை, அதாவது துணிந்து தொழில் தொடங்கி நடத்துவது, வளர்ச்சி தரும் என்று படித்ததெல்லாம் பொய்யா என்பது அவருடைய ஆதங்கம். நான் அதே கிழக்குக் கரையோரத்து மருதமுனைக்காரன், நெசவுக் குடும்பத்தில் பிறந்து, இன்று உயர்தர வகுப்பில் பொருளியல் படிப்பிக்கிறேன். நெடுநாளாக என்னை விடாத கேள்வி இது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணிந்து தொழில் தொடங்குகிறவர்கள் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களால் நாடு வளர்ந்ததா என்பதை அவர்களுடைய தொகை தீர்மானிக்கவில்லை. நட்டம் வந்தால் அதை யார் சுமப்பது என்ற ஏற்பாடுதான் தீர்மானித்தது.

நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய ஈராக்கின் வடபகுதியில் அசூர் என்றொரு நகரம் இருந்தது. அங்கே பெண்கள் வீட்டில் துணி நெய்தார்கள். வணிகர்கள் அந்தத் துணியையும் வெள்ளீயத்தையும் கழுதைகளில் ஏற்றி, இன்றைய துருக்கியில் இருந்த கனேஷ் நகரத்துக்குக் கொண்டுபோய் விற்றார்கள். அவர்கள் எழுதிய களிமண் பலகைகள் 20,000க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. எப்படி நெய்ய வேண்டும், அனுப்பிய துணிக்குக் காசு எங்கே என்று குடும்பத்தாருக்குள் கடிதம் போய்வந்திருக்கிறது. என்னைக் கவர்வது இன்னொன்று. பலர் பொன் போட்டுப் பொதுமுதல் சேர்த்து, அதைப் பல ஆண்டுகளுக்கு ஒரே வணிகரிடம் ஒப்படைக்கும் முறை அன்றே அங்கே இருந்தது. வழியில் பொருள் பறிபோனாலும் ஒரு வீடு மட்டும் அழிந்துபோகாது.

அரபு வணிகர்களிடம் இருந்த முழாரபாவும் இத்தாலியத் துறைமுகங்களில் இருந்த கொமெண்டாவும் இதே வகைதான். முதல் போடுகிறவர் ஒருவர், பயணம் போகிறவர் இன்னொருவர். இலாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரிப்பார்கள். இத்தாலியில் முக்கால் பங்கு முதலுக்கும் கால் பங்கு பயணிக்கும் போவது வழக்கம். நட்டம் வந்தால் முதல் போட்டவர் பணத்தை இழப்பார், பயணம் போனவர் உழைப்பை இழப்பார். கப்பல் மூழ்கியதற்காகப் போனவருடைய வீட்டை யாரும் எழுதி வாங்க முடியாது. கையில் காசில்லாத பிள்ளைகள் வெனிஸில் செல்வந்தர்களானது இந்த வழியில்தான்.

1602இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி இதைப் பெரிதாக்கியது. பொதுமக்கள் எவரும் பங்கு வாங்கலாம். போட்டதற்கு மேல் இழக்க வேண்டியதில்லை. அந்தக் கம்பனியை நமக்கு நன்றாகத் தெரியும். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது அதுதான். நட்டத்தைப் பலர் பகிர்ந்ததால் கடல் கடந்து வரும் பலம் அதற்குக் கிடைத்தது. அந்தப் பலத்தை அது பீரங்கிக்கும் வணிக ஏகபோகத்துக்கும் பயன்படுத்தியது என்பதையும் மறக்கக் கூடாது. முயற்சியாண்மை என்றாலே நன்மை என்று வகுப்பில் நான் ஒருநாளும் சொல்வதில்லை.

முயற்சியாளர் யார் என்று முதலில் தெளிவாகச் சொன்னவர் 1734இல் இறந்த பொருளியல் எழுத்தாளர் ரிச்சர்ட் காண்டில்லன். அவருடைய எழுத்து 1755இல்தான் அச்சில் வந்தது. தெரிந்த விலைக்கு வாங்கி, என்ன விலை போகும் என்று தெரியாமல் விற்க நிற்பவரே முயற்சியாளர் என்றார். இதை விளக்க எனக்கு ஐரோப்பா தேவைப்படாது, எங்கள் ஊர் நூல் முதலாளி போதும். வாப்பாவின் காலத்தில் முதலாளி நூலும் சாயமும் தருவார். உம்மா நூல் சுற்றிக் கொடுப்பார், வாப்பா தறியில் இருப்பார். நெய்த சாரன்களை மடித்துக் கொண்டுபோனால் முற்பணத்தைக் கழித்துக்கொண்டு கூலி கொடுப்பார். நூல் வாங்கிய விலை முதலாளிக்குத் தெரியும். நோன்புப் பெருநாளுக்கு முன் சாரன் என்ன விலைக்குப் போகும் என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும். சரக்குத் தேங்கிய வருடத்தில் அவருடைய வீட்டு நகை அடகுக்குப் போனதைக் கண்டிருக்கிறோம். அவரும் ஒரு முயற்சியாளர்தான், கெட்டிக்காரர்தான். ஆனால் ஒரு பெருநாள் பொய்த்தால் போதும், பத்து வருட முன்னேற்றம் கரைந்துவிடும். அப்படியான மனிதர் புதிய தறியிலோ புதிய சந்தையிலோ எப்படிப் பணம் போடுவார்?

இங்கிலாந்தின் ஆர்க்ரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முடிதிருத்தும் தொழிலிலும் பொய்முடி வியாபாரத்திலும் இருந்தவர். 1769இல் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, 1771இல் குரோம்ஃபோர்டில் ஆற்று நீரால் இயங்கும் ஆலையைத் தொடங்கினார். அவருடைய முக்கிய காப்புரிமையை நீதிமன்றம் 1785இல் இரத்துச் செய்தது. அந்த யோசனை அவருக்கே சொந்தமா என்பது அன்றே வழக்காயிற்று. ஆனாலும் இயந்திரத்தையும் ஆற்றையும் தொழிலாளரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தவர் அவர்தான். அதற்குப் பணம் போட்டவர்கள் காலுறை வியாபாரத்தில் பெரிய கைகளாக இருந்த இரண்டு பங்காளிகள். பின்னர் 1855இல் பிரித்தானியா, போட்டதற்கு மேல் இழக்க வேண்டியதில்லை என்னும் வரையறுத்த பொறுப்பைச் சட்டமாக்கியபோது, பதிவு செய்த சாதாரணக் கம்பனிகளுக்கும் அந்தப் பாதுகாப்புக் கிடைத்தது. மனித குலத்தின் தலைக்குரிய வருமானம் விடாமல் ஏறத் தொடங்கியதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். நிலக்கரி, விஞ்ஞானம், காலனிகளிலிருந்து பறித்தது என்று காரணங்கள் பல உண்டு. நட்டத்தைப் பங்கிடும் சட்டமும் அவற்றில் ஒன்று என்பதே என் வாதம்.

பொருளியலாளர் ஷும்பீட்டர் 1911இல் எழுதும்போது, புதிய பொருள், புதிய முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள், புதிய அமைப்பு ஆகியவற்றைக் கொண்டுவருபவரையே முயற்சியாளர் என்றார். 1942இல், புதியது பிறக்கும்போது பழையது அழியும் என்பதை ‘ஆக்க அழிவு’ என்று பெயரிட்டு விளக்கினார். அந்த அழிவின் பக்கத்தில் நின்றவர்கள் நாங்கள். 1977இல் இலங்கைப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு மலிவான துணி வந்து குவிந்தது. மருதமுனையிலும் அக்கம்பக்கத்திலும் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆக்கம் நடந்தது வேறிடத்தில். 1978இல் கொழும்புக்கு வடக்கே, ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கான கட்டுநாயக்க வர்த்தக வலயம் திறந்தது. நாட்டுக் கணக்கில் அது வளர்ச்சி. எங்கள் தெருவில் அந்த நட்டத்தைப் பங்கிட ஒருவருமில்லை. எஞ்சிய தறிகள் பலவற்றை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது. இன்றும் இங்கே சாரனும் சாறியும் நெய்கிறார்கள். அவர்களுடைய பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பொருளியலாளர் வில்லியம் பௌமோல் 1990இல் சொன்னதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊக்கமுள்ளவர்கள் எங்கும் உண்டு. சமூகம் எதற்குப் பரிசு தருகிறதோ அந்தப் பக்கம் அவர்கள் போவார்கள் என்றார். போர்க்காலத்தில் மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைக்குப் பல பொருட்களைத் தாராளமாகக் கொண்டுபோக முடியாதிருந்தது. அப்போது காசு பார்த்தவர்கள் பொருள் செய்தவர்களல்லர், அனுமதி பெற வழி தெரிந்தவர்கள். போர் முடிந்த பிறகும் ஒப்பந்தத்துக்கும் கமிஷனுக்கும் அலைந்தால் கிடைப்பது, பட்டறையில் வியர்வை சிந்தினால் கிடைப்பதைவிட அதிகமாக இருந்தால், கெட்டிக்காரப் பிள்ளை எந்தப் பக்கம் போவான்?

இப்போது கேட்டவருடைய தெருவுக்கு வருகிறேன். வறிய நாடுகளில்தான் சுயதொழில் செய்பவர்களின் வீதம் அதிகம். செல்வ நாடுகளில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். வேலை கிடைக்காததால் கடை திறப்பவரையும், ஒரு வாய்ப்பைக் கண்டு திறப்பவரையும் ஒரே கணக்கில் சேர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். நமது கடன் திட்டங்கள் இரண்டையும் சேர்த்தே எண்ணுகின்றன.

நுண்கடனின் அமைப்பைப் பாருங்கள். சில பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் சொல்வார்கள். பணம் கையில் வந்த சில நாட்களிலேயே வாரத் தவணை தொடங்கிவிடும். கடனெடுத்து வாங்கிய மாடு இன்னும் கன்று போட்டிருக்காது, பால் கறந்திருக்காது. ஆனால் தவணை அறவிட மோட்டார் சைக்கிளில் ஆள் வந்துவிடுவார். மாடு செத்தாலும் தவணை சாகாது. ஒருவர் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், பிறகு அயலாரோடு பகை. முழாரபாவில் முதல் போட்டவர் சுமந்த நட்டத்தை இங்கே முழுதாகச் சுமப்பவர், அதைத் தாங்கவே முடியாத பெண். நிலைமை முற்றிப்போனதால்தான் 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது, வட்டிக்கு உச்சவரம்பும் விதித்தது. இந்தப் பெண்களுக்கு மேலும் ஒரு ‘தொழில்முனைவுப் பயிற்சி’ கொடுப்பதால் என்ன மாறும்?

பக்கத்து வீட்டுக்காரி தையல் மெஷின் போட்டால் நானும் போடுகிறேன் என்பதை அறியாமை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு நட்டத்தில் வீடு போய்விடும் என்றிருப்பவர், பலர் செய்து பார்த்ததையே செய்வார். அது புத்திசாலித்தனம். ஆனால் எல்லாரும் அப்படிச் செய்யும்போது ஊருக்குப் புதிதாக எதுவும் சேர்வதில்லை, இருக்கிற வாடிக்கையாளர்தான் பிரிகிறார்கள்.

நீங்கள் ஏதேனும் தொடங்கும் எண்ணத்தில் இதைக் கேட்டிருந்தால், எருமைத் தயிரை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். நம் முட்டித் தயிருக்கு நாடெங்கும் பெயர் இருக்கிறது. ஆனால் முட்டி உடையும், வெயிலில் தயிர் புளிக்கும். தூரச் சந்தைக்குப் போக குளிரூட்டிய வாகனம் வேண்டும். அது ஒரு குடும்பத்தால் தாங்கக்கூடிய செலவல்ல. பட்டி வைத்திருப்பவர், ஓட்டுபவர், வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த உறவினர் எனப் பலர் சேர வேண்டும். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட முதலுள்ள கூட்டு எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. அந்தப் பத்திரத்தில் இலாபப் பங்கை எழுதுவதற்கு முன்னர், குளிரூட்டி பழுதாகி ஒரு வாகனத் தயிர் வீணானால் யார் எவ்வளவு தாங்குவது என்பதை எழுதுங்கள்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவது நல்லது, ஆனால் நட்டம் வந்தால் அது உங்கள் வீட்டைக் காப்பாற்றாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரே ஒரு பங்குதாரரோடும் வரையறுத்த கம்பனி தொடங்கலாம். அப்படித் தொடங்கிய பிறகு வங்கி உங்களுடைய தனிப்பட்ட பிணையையும் கேட்கக்கூடும். அதில் கையெழுத்திட்டால் அந்தப் பாதுகாப்பை அந்தக் கடனளவில் நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். ஆகவே எந்தத் தொகைக்குப் பிணை, எதுவரை என்பதை வாசித்துத் தெளிந்த பிறகே கையெழுத்திடுங்கள்.