கண்ணுக்கு யார் பொறுப்பு?

அன்புள்ள அக்கா,

எனக்கு 44 வயது. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், பிறையில் ஒரு தொழிற்சாலையில் கிராணி வேலை. இரண்டு வருஷமாக இடது காதில் போன் வைத்தால் பேச்சு விளங்கவில்லை. காதழுக்கு என்று விட்டுவிட்டேன். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் செவி நரம்பில் கட்டி, 2.9 சென்டிமீட்டர், மூளைத்தண்டை அழுத்துகிறது என்கிறார்கள். புற்று இல்லையாம். அடுத்த மாதம் கோலாலம்பூரில் ஆப்பரேஷன். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து உள்காது வழியாகப் போவார்களாம். அந்தக் காது இனி கேட்காதாம்.

வீட்டில் மாமியாருக்கு 76 வயது. இனிப்பு நீரால் ஒரு காலில் விரல்களை எடுத்தாகிவிட்டது. தூக்கி உட்கார வைப்பது, புண்ணுக்கு மருந்து கட்டுவது எல்லாம் நான்தான். கணவர் லாரி ஓட்டுகிறார். செய்தி கேட்டதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மூத்தார் கத்தியே வைக்க வேண்டாம், தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி நேர்ந்துகொள், காதில் மூலிகை எண்ணெய் விடு என்கிறார். மகளுக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை. நான் இல்லாத நாட்களுக்காகச் சம்பல், குழம்பு, பருப்பு என்று செய்து ஃபிரீசரில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை, அவருக்கு நெஞ்சு வலி வேறு உண்டு. எப்படிச் சொல்வது? என் மனதை எப்படித் தயார்படுத்துவது?

ம., பட்டர்வொர்த்

அன்புள்ள ம.,

வீட்டில் எல்லோரையும் பார்த்துக்கொள்கிறவள் படுத்துவிட்டால் அவளை யார் பார்ப்பது என்பது கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. படித்ததும் மனசு கனத்துப்போயிற்று, கோபமும் வந்தது. மாமியாரின் புண், மகளின் பரீட்சை, கணவரின் மௌனம், ஃபிரீசரில் இருக்கும் சம்பல் எல்லாம் கடிதத்தில் இருக்கின்றன. ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும் ம.வுக்கு யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. மனதைத் தயார்படுத்துவதைப் பற்றிக் கேட்கிறீர்கள். வீட்டைத் தயார்படுத்துங்கள், மனம் தானாக வந்து சேரும்.

மூத்தார் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். காவடி உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். காயம் ஆறி, நடை சீராகி, சர்ஜன் சரி என்ற பிறகு எடுத்துக்கொள்ளலாம், முருகன் காத்திருப்பான். எண்ணெய் மட்டும் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கட்டி இருப்பது செவிப்பறைக்கும் நடுக்காதுக்கும் அப்பால், எலும்புக்கு உள்ளே. விடும் எண்ணெய் அங்கே போய்ச் சேராது, வெளிக்காதில் தேங்கிச் சீழ் பிடித்தால் ஆப்பரேஷன் தேதிதான் தள்ளிப்போகும். மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, ஜின்செங், வலிக்கு நீங்களாக வாங்கிப் போடும் மாத்திரை என எதைச் சாப்பிட்டாலும் பாட்டிலோடு மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். இவற்றில் சில ரத்தம் உறைவதைக் கெடுக்கும். எதை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

கத்தி இல்லாமல் கதிர்வீச்சு வைத்தே முடித்துவிடலாமே என்று இனி ஒருவர் வந்து சொல்வார். சின்னக் கட்டிகளுக்கு அது நல்ல வழிதான். 3 சென்டிமீட்டரை நெருங்கி மூளைத்தண்டை அழுத்தும் கட்டியில், கதிருக்குப் பிறகு வரும் வீக்கம் அழுத்தத்தைக் கூட்டிவிடக்கூடும். உங்களுக்கு ஏன் கத்தியைச் சொன்னார்கள் என்று சர்ஜனிடம் நேராகவே கேளுங்கள். எஸ்.பி.எம். முடியும்வரை தள்ளலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள், வீட்டில் கூடிப் பேசி முடிவெடுக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸ் இருந்தால் பாலிசியை இன்றே எடுத்துப் படியுங்கள். இங்கே கடும் நோய்ப் பாலிசிகளில் புற்றல்லாத மூளைக்கட்டி என்ற பிரிவு இருக்கும். அதன் கீழேயே, எவை சேராது என்ற பட்டியலில் செவி நரம்புக் கட்டியைப் பெயர் சொல்லி விலக்கியிருப்பார்கள். மெடிக்கல் கார்டு வேறு, அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு. கடும் நோய்ப் பணம் வரும் என்று நம்பி யாரிடமும் கடன் வாங்கிவிடாதீர்கள்.

இனி நான் சொல்ல வந்தது, உங்கள் இடது கண்.

காதில் கட்டி என்கிறார்கள், கண் எங்கிருந்து வந்தது என்று நினைப்பீர்கள். செவி நரம்பும் முகத்தை அசைக்கும் நரம்பும் ஒரே எலும்புக் குழாய் வழியாகப் போகின்றன. கட்டி வளர வளர முக நரம்பு அதன்மேல் வெங்காயத் தோல்போல் தட்டையாகப் படிந்துவிடும். அமெரிக்க மூளை சர்ஜன் ஹார்வி குஷிங் 1917இல் இந்தக் கட்டியைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்தக் காலத்தில் ஆள் உயிரோடு வெளியே வருவதே பெரிய காரியம். 1960களில் லாஸ் ஏஞ்சலஸில் காது டாக்டர் வில்லியம் ஹவுஸ் மைக்ராஸ்கோப்பையும் எலும்பு குடையும் டிரில்லையும் வைத்து, உங்களுக்குச் சொல்லியிருக்கும் அதே உள்காது வழியை மீட்டெடுத்தார். அனுபவமுள்ள கைகளில் இன்று உயிரிழப்பு மிக அரிது, அதனால் சர்ஜனின் கவனமெல்லாம் முக நரம்பைக் காப்பாற்றுவதில்தான் இருக்கும். முகத் தசைகளில் மெல்லிய ஊசிகளைச் செருகி, நரம்பைத் தொட்டால் சத்தம் கொடுக்கும் கருவியை வைத்துக்கொண்டே வேலை செய்வார்கள். எட்டு, பத்து மணி நேரம் ஆவது அதனால்தான். வெளியே காத்திருப்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேரம் நீண்டால் கெட்ட செய்தி என்று அழ ஆரம்பித்துவிடுவார்கள். நரம்போடு ஒட்டிய ஒரு மெல்லிய படலத்தை சர்ஜன் வேண்டுமென்றே விட்டுவைக்கலாம். முழுசா எடுக்கத் தெரியலையா என்று யாரும் அவரிடம் சண்டைக்குப் போகக் கூடாது, அவர் உங்கள் முகத்துக்காகத்தான் விட்டிருப்பார். வயிற்றிலும் ஒரு சின்னத் தையல் இருக்கும். குடைந்த எலும்புப் பள்ளத்தை அடைக்க அங்கிருந்து கொழுப்பு எடுப்பார்கள்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும், இந்த அளவுக் கட்டியில் நரம்பு சில மாதங்களுக்குச் சோர்ந்துபோகலாம். எழுந்ததும் நன்றாக இருந்த முகம் சில நாள் கழித்துத் தொங்குவதும் உண்டு, அப்படித் தாமதமாக வருவது பெரும்பாலும் தேறிவிடும். வாய் கோணுவதைப் பார்த்து உறவினர்கள் பதறுவார்கள். வாய் காத்திருக்கும், கண் காத்திருக்காது. இமை மூடாது, சிமிட்டாது, கண்ணீரும் குறையும். கருவிழி காய்ந்தால் புண்ணாகும், புண் ஆறினால் தழும்பாகிப் பார்வையை மறைக்கும். பெரிய கட்டி முகத்தின் உணர்ச்சி நரம்பையும் தொட்டிருந்தால் அந்தக் கண்ணில் வலியே தெரியாது. கன்னமோ உதடோ மரத்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மரத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நான் எழுதுவதை இரண்டு மடங்கு கண்டிப்போடு எடுத்துக்கொள்ளுங்கள். வலிக்கவில்லை, அதனால் நன்றாக இருக்கிறது என்ற கணக்கு உங்களுக்கு உதவாது.

இமை மூடாத நிலையில் பகலில் மணிக்கொரு தடவை செயற்கைக் கண்ணீர் விடச் சொல்வார்கள். ஒரு நாளைக்குப் 15 தடவை வந்துவிடும். கெடாமலிருக்க ரசாயனம் சேர்க்காத, ஒருமுறை உடைத்து விடும் சின்னக் குப்பிகளாகக் கேளுங்கள், இத்தனை தடவை விடும்போது அந்த ரசாயனமே கண்ணை அரிக்கும். இரவில் களிம்பு, அதன்மேல் டேப். இந்த டேப்பில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். கீழிமையை இழுத்துக் களிம்பை உள்ளே வைத்தபின் இமைத் தோலிலும் கன்னத்திலும் வழிந்ததைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும், எண்ணெய்ப் பசை இருந்தால் டேப் நிற்காது. மேலிமையை விரலால் மெதுவாகக் கீழே இறக்கி, வெள்ளை தெரியாமல் மூடியதை உறுதி செய்துகொண்டு, இமையின் மேலிருந்து கன்னத்துக்குக் குறுக்காக ஒட்ட வேண்டும். நடு இரவில் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். டேப்புக்கு அடியில் கண் திறந்துகொண்டால், டேப்பே கருவிழியை உராயும். அதே காரணத்துக்காகப் பஞ்சோ துணியோ வைத்துக் கட்டக் கூடாது. விட்டத்து ஃபேனுக்கு நேர் கீழே படுக்கக் கூடாது, கட்டிலை நகர்த்துங்கள். மிளகாய் தாளிக்கிற அடுப்படிப் பக்கமும் சாம்பிராணிப் புகைப் பக்கமும் போகவே வேண்டாம். தலைக்குக் குளிக்கும்போது சோப்பு நுரை அந்தக் கண்ணில் இறங்கக் கூடாது. கண் சிவந்தால், பார்வை மங்கினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றைக்கே கண் டாக்டர். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காதீர்கள். நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தால் மேலிமைக்குள் ஒரு கிராம் அளவில் தங்கமோ பிளாட்டினமோ வைத்துத் தைப்பார்கள், அந்தக் கனத்தில் இமை இறங்கும். அதைச் சொன்னால் பயப்படாமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்லுங்கள், 15 தடவையும் யார் விடுவது? முதல் வாரங்களில் தலைசுற்றலோடும் மங்கிய பார்வையோடும் நீங்களே விட்டால் பாதி கன்னத்தில்தான் விழும். வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஒரு தாளை எடுத்து மணியை ஒரு பக்கமும் பெயரை ஒரு பக்கமும் எழுதுங்கள். பள்ளிக்கு முன்னும் பின்னும் மகள். ஐந்து நிமிட வேலைதான், எஸ்.பி.எம். கெட்டுவிடாது. இரவு டேப் உங்கள் கணவருக்கு. ஆறுதல் வார்த்தை தெரியாத மனிதரிடம் வார்த்தையை எதிர்பார்த்து அழாதீர்கள், கையில் வேலையைக் கொடுங்கள். லாரியின் டயரையும் எண்ணெயையும் தினம் பார்க்கிறவருக்கு ஒரு கண்ணைப் பார்த்துக்கொள்ளத் தெரியும். வெளியூர் ஓட்டம் இருக்கும் நாளில் யார் என்பதையும் அவரே எழுதட்டும். பகலில் வீட்டில் இருப்பது உங்கள் மாமியார். நடக்க முடியாதே தவிர மணி பார்க்க முடியும், கூப்பிட முடியும். மணிக்கொரு தடவை பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ உங்கள் தங்கையையோ அழைத்து "மருந்து விட்டாச்சா?" என்று கேட்கும் பொறுப்பு அவருக்கு. அவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்களே, இந்த வேலையோடு சேர்த்துச் சொல்லுங்கள். இந்த வாரமே, உங்கள் வாயால், முகம் கோணலாம் என்பதையும் மறைக்காமல். எதுவும் தெரியாமல் ஒருநாள் உங்கள் முகத்தைப் பார்ப்பதுதான் அவர் நெஞ்சுக்கு ஆகாது.

தூக்குவது உங்களுக்குக் குறைந்தது ஆறு வாரம் கிடையாது, சர்ஜன் நீட்டினால் அதற்கு மேலும். மாமியாரை மட்டுமில்லை, 14 கிலோ கேஸ் தோங், அரிசி மூட்டை, நீர் நிறைந்த வாளி எதையுமே. முக்கித் தூக்கினால் தலைக்குள் அழுத்தம் ஏறி, அடைத்த இடத்தில் மூளைநீர் கசியலாம். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே மருந்து கேளுங்கள். குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீராகச் சொட்டினால், தொண்டையில் உப்புக் கரித்தால், அது சளி இல்லை, உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தாலும் அப்படியே. ஆகவே மூத்தாருக்கு ஒரு வேலை இருக்கிறது. தம்பி மனைவிமேல் அத்தனை அக்கறை உள்ளவர் காலையும் இரவும் வந்து தம் தாயைத் தூக்கி உட்கார வைக்கட்டும். கால் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதை அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் இப்போதே பேசி வையுங்கள்.

தலைசுற்றல் முதல் சில நாட்கள் கடுமையாக இருக்கும், பிறகு நடக்க நடக்கத்தான் குறையும். சுற்றலை அடக்கும் மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்கினால் மூளை சமநிலையைப் புதிதாகப் பழகுவது தள்ளிப்போகும். இருட்டில் தடுமாறும், குளியலறை வழியில் இரவு விளக்கு வையுங்கள். காரில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் பேச்சு உங்கள் வலது காதில் விழும். நீங்கள் ஓட்டும் காலத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சு விழாது, கூப்பிட்டேன் திரும்பவில்லை என்ற சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். மகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். பட்டர்வொர்த்துக்குத் திரும்ப விமான டிக்கெட் எடுக்காதீர்கள். தலைக்குள் காற்று தங்கியிருக்கலாம், சர்ஜன் அனுமதிக்கும்வரை இ.டி.எஸ். ரயிலோ காரோதான்.

ஆப்பரேஷனுக்கு முன் உங்கள் முகத்தை போனில் படம்பிடித்து வையுங்கள்: சிரிப்பது, புருவம் தூக்குவது, கண்ணை இறுக்கி மூடுவது. பின்னால் ஒப்பிட டாக்டருக்கு உதவும். டேப்பும் ஒரு பெட்டிக் குப்பியும் வாங்கி, கணவரை உட்கார வைத்து இரண்டு நாள் பழக்குங்கள். ஃபிரீசரில் இருப்பது போதும், இனி சமைக்காதீர்கள். பெயர் எழுதிய தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒரு மணிக்கு நேரேயாவது பெயர் இல்லாமலோ, உங்கள் பெயரே இருந்தாலோ திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
அக்கா