ஜாடியில் பொறித்த தேதி ஜாடியின் வயது அல்ல

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் சுபேதார் மேஜர். 1928-இல் ஓய்வுபெற்றபோது அதிகாரிகள் கொடுத்த வெள்ளிப் பூச்சாடி எங்களிடம் இருக்கிறது. சுற்றிலும் சுவாமி உருவங்கள், நடுவில் அவர் பெயரும் தேதியும், அடியில் பி.ஓர் அண்ட் சன்ஸ் கடையின் முத்திரை. "இன்னும் நூறு வருஷம் ஆகலை, பாலிஷ் போட்டு லண்டன் ஏலத்தில் விற்றுத் தருகிறேன்" என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பாலிஷுக்கும் கொடுக்காதீர்கள். பட்டறையில் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தால் முதலில் மழுங்குவது பொறித்த எழுத்துதான். பெயர் போனால் மிச்சம் பழைய வெள்ளி, கிராம் கணக்கு.

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. சரி, உங்களுடையது 1928 தானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். சட்டம் பார்ப்பது பொருள் செய்யப்பட்ட காலத்தை. பெயர் பொறித்த காலத்தை அல்ல. கடையில் பல வருடம் இருந்த ஜாடியிலோ, ஒரு அதிகாரி வீட்டில் கிடந்த ஜாடியிலோ பிறகு பெயர் பொறித்திருக்கலாம். மவுண்ட் ரோடு புகழ் பி.ஓர் கடை தொடங்கியதே 1849-இல், அதனால் ஜாடி 1928-க்கு எத்தனையோ வருடம் முந்தியதாகவும் இருக்கலாம். இங்கிலாந்து வெள்ளியில் வருடத்தைச் சொல்லும் எழுத்து முத்திரை இருக்கும். மதராஸ் வெள்ளியில் அது கிடையாது. எழுத்துள்ள இடத்தில் வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி படியும்போது அழித்த பழைய எழுத்தோ பள்ளமோ தெரிந்தால், ஜாடி 1928-க்கு முந்தியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எதுவும் தெரியாவிட்டாலும் வயது நிரூபணமாகிவிடாது. "தொல்பொருள் அல்ல" என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்று கையில் இல்லாமல் விமானம் ஏற்றவே கூடாது. சோழர் சிலைக்கும் வீட்டுப் பூச்சாடிக்கும் ஒரே சட்டம், ஒரே அலைச்சல். என்ன செய்வது!

இந்தத் தரகர்களை எனக்கு நன்றாகத் தெரியும். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்கள். சுங்கத்தில் மாட்டினால் ஜாடி உங்களுடையது, பெயரும் உங்கள் குடும்பத்துடையது. அவர் போனை எடுக்கமாட்டார். தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

அப்புறம் எடை. இப்படிப்பட்ட ஜாடிகளின் அடிப்பாகத்தில் அரக்கு அடைத்திருப்பதுண்டு. வியாபாரிகள் தாங்கள் விற்கும்போது ஜாடி முழுக்க வெள்ளி என்பார்கள், உங்களிடம் வாங்கும்போது பாதி அரக்கு என்று கழிப்பார்கள். அடியைத் தட்டிப் பாருங்கள், மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. உடைத்துப் பார்க்கச் சம்மதிக்காதீர்கள்.

விற்பதென்றால் உள்நாட்டிலேயே விற்கலாம். அதற்கு முன் நாலு பக்கமும், அடி முத்திரையும், எழுத்தும் தெளிவாகப் படமெடுங்கள். தாத்தாவின் பென்ஷன் தாளோ, பழைய போட்டோவோ இருந்தால் ஜாடியோடு சேர்த்து வையுங்கள். தனியாக யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம்.