‘கோ’வுக்கு எங்கிருந்து வந்தது ‘வென்ட்’?

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள், ‘ஜம்ப்’ என்பது ‘ஜம்ப்டு’ ஆகும்போது ‘கோ’ மட்டும் ஏன் ‘கோடு’ ஆகாமல் ‘வென்ட்’ ஆகிறது என்று கேட்கிறாள். என்ன சொல்லலாம்?

பதில்: ‘கோ, வென்ட், கான்’ என்று ஒரே மூச்சில் மனப்பாடம் செய்வதால், மூன்றும் ஒரே சொல் என்று நினைக்கிறோம். நடுவில் இருப்பது வேறு வினைச்சொல். ‘திரும்பு, வழிபிடித்துச் செல்’ என்ற பொருளில் ‘வெண்ட்’ என்றொரு வினை இருந்தது. ஜெர்மனின் ‘வெண்டென்’ இதற்கு உறவு. ‘வண்டி’யில் உள்ள மெல்லிய ஒலியோடு முடியும் அது, இறந்தகாலத்தில் ‘பட்டு’வின் வல்லொலி பெற்று ‘வென்ட்’ ஆயிற்று. செண்ட்–சென்ட், ஸ்பெண்ட்–ஸ்பென்ட், லெண்ட்–லென்ட் எல்லாம் இதே வாய்பாடுதான். மகளிடம் இந்த வரிசையைச் சொல்லிக் காட்டுங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீரும்.

பழைய ஆங்கிலத்திலும் ‘கோ’வுக்குத் தன் வேரிலிருந்து வந்த இறந்தகாலம் இல்லை. ‘ஏஒடெ’ என்ற தொடர்பில்லாத சொல்லே அந்த வேலையைச் செய்தது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் தென் இங்கிலாந்தில் அதன் இடத்தை ‘வென்ட்’ பிடித்துக்கொண்டது. ஸ்காட்லாந்து வழக்கிலோ ‘கோ’விலிருந்தே ‘கேட்’ என்று புதிதாக ஒன்றை ஆக்கிக்கொண்டார்கள். ஆங்கிலேயக் குழந்தைகளும் பேசப் பழகும்போது ‘கோடு’ என்பார்கள். விதியைப் பிடித்துக்கொண்ட குழந்தை செய்கிற பிழை அது; மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

நம்மவர்களிடம் அதிகம் காணும் பிழை வேறு: ‘ஐ டிட்ன்ட் வென்ட்’. காலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமந்துவிட்டது. அதன்பின் ‘கோ’தான் வர வேண்டும். தமிழிலும் ‘போனவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை, ‘போகவில்லை’ என்கிறோம். காலம் காட்டாத ‘போக’ இருக்கும் இடம்தான் அந்த ‘கோ’வுக்கும். ‘டிட் யூ கோ?’ என்ற கேள்விக்கும் இதே கணக்கு.

‘ஹி ஹேஸ் கான் டு மதுரை’ என்றால் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. போய்வந்துவிட்டவருக்கு ‘ஹேஸ் பீன்’.

‘மழை பெய்யப் போகிறது’ என்பதில் யாரும் எங்கும் நடப்பதில்லை. ‘கோயிங் டு’வும் அப்படியே: நடையைக் குறித்த சொல் எதிர்காலத்தைக் குறிக்க வந்தது. பேச்சில் அது ‘கானா’ என்று சுருங்குவது இந்த எதிர்காலப் பொருளில் மட்டுமே. கடைக்குப் போகிறேன் என்பதற்கு ‘ஐயாம் கானா தி ஷாப்’ என்றால் தவறு.

‘கெட்டுப்போச்சு’ என்பதற்கு ‘கான் பேட்’ அழகாகப் பொருந்தும். ஆனால் எல்லாப் ‘போச்சு’க்கும் ‘கோ’ போட முடியாது: களைத்துப்போனால் ‘காட் டயர்ட்’, வழி தவறிப்போனால் ‘காட் லாஸ்ட்’. கண்பார்வை போவது, தலை வழுக்கையாவது, பண்டம் கெடுவது போன்ற மாற்றங்களுக்கே பெரும்பாலும் ‘கோ’ வரும்.