மலைப்பூண்டைப் பனிக்குள் வைக்கலாமா?

கேள்வி: நார்வேயில் விதைகளைப் பனிமலைக்குள் பத்திரப்படுத்துகிறார்களாமே, எங்கள் மலைப்பூண்டையும் அங்கே வைக்கலாமா? – ஒரு வாசகர், பூம்பாறை

பதில்: பூண்டுக்கு அது சரிப்படாதுங்க. நீங்கள் சொல்வது நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் 2008இல் திறந்த பெட்டகம், மைனஸ் 18 டிகிரியில் காய்ந்த விதைகளை வைக்கும் இடம். சிரியப் போரில் அலெப்போ விதை வங்கி கைவிட்டுப் போனபோது, முன்பே அங்கே அனுப்பி வைத்திருந்த கோதுமை, பார்லி விதைகளை 2015இல் திரும்ப எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். பூண்டோ பல்லை நட்டு வளர்ப்பது, வருஷா வருஷம் மண்ணுக்குப் போயே ஆகணும். அடுப்புக்கு மேலே புகை படத் தொங்குகிறதே அந்தக் கட்டு, அதுதான் உங்கள் வங்கி. நல்ல விலை வந்தாலும் அதை விற்றுவிடாதீர்கள். அப்புறம், பக்கத்து மன்னவனூரில் சொந்தக்காரர் இருந்தால் அவரிடமும் ஒரு கட்டு கொடுத்து நடச் சொல்லுங்கள்; உங்களிடம் போனாலும் அங்கே மிஞ்சும்.