ஊராட்சியைப் பேரூராட்சியோடு இணைக்கும் முன் ஊரார் எதைப் படித்துப் பார்க்க வேண்டும்?

கேள்வி: சேரன்மகாதேவி வட்டாரத்தில் தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஒரு கிராம ஊராட்சியில் வசிக்கிறோம். பக்கத்துப் பேரூராட்சியோடு எங்கள் ஊரை இணைக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வசிக்கும் என் மைத்துனர், அங்கெல்லாம் ஊர்மக்களே குழு அமைத்து, ஊரின் சாசனத்தை, அதாவது ஊர் நிர்வாகம் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைத்த அடிப்படை ஆவணத்தை, மறு ஆய்வு செய்து, நிர்வாக அமைப்பை மாற்றிக்கொள்வார்கள் என்கிறார். எங்கள் ஊருக்கும் அப்படி ஒரு சாசனம் உண்டா? நாங்களும் ஒரு குழு அமைத்திருக்கிறோம். எதைப் படிக்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது உண்மைதான். மாசசூசெட்ஸில் 1966-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம் ஊர்களுக்குத் தம் சாசனத்தைத் தாமே எழுதிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. வாக்காளர்களில் 15 விழுக்காட்டினர் கையெழுத்திட்டால் சாசனக் குழு அமைப்பது பற்றி வாக்கெடுப்பு நடக்கும். ஒன்பது பேர் கொண்ட அந்தக் குழுவையும் மக்களே தேர்ந்தெடுப்பார்கள். குழு எழுதித் தரும் சாசனம் மீண்டும் மக்கள் வாக்குக்கு வந்து, அங்கே வென்றால்தான் நடைமுறைக்கு வரும்.

நம் ஊர்களுக்கு அப்படித் தனிச் சாசனம் கிடையாது. கிராம ஊராட்சிக்கு 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மூன்றுக்கும் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும்தான் சாசனம். அவற்றை எழுதியதும் திருத்துவதும் சட்டமன்றம். ஓர் ஊர் எந்த வகையில் சேரும் என்பதை, அரசியல் சட்டத்தின் 243-கியூ பிரிவின்படி, மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சி வருவாய், வேளாண்மை அல்லாத தொழில்களில் இருப்போரின் விழுக்காடு ஆகியவற்றைப் பார்த்து, ஆளுநர் பெயரில் மாநில அரசு அரசிதழ் அறிவிக்கையால் முடிவு செய்கிறது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூர் பேரூராட்சியையும் சேர்த்து 1994-இல் மாநகராட்சி உருவானதும், களக்காடு 2021-இல் நகராட்சியாக உயர்ந்ததும் அரசின் முடிவால்தான். ஊர் வாக்கெடுப்பால் அல்ல.

சபையே கூடித் தனக்கு விதி எழுதிக்கொண்ட வழக்கம் நம் மண்ணில் இல்லாமற்போகவில்லை. இன்று ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமாக இருக்கும் மானூரில், அம்பலவாணர் கோயிலில், ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சபையில் யார் உறுப்பினராகலாம் என்பதை அது வகுத்ததோடு, சபை முன் வந்த பேசுபொருள் எல்லாவற்றையும் மறுத்தே பேசிக் காரியத்தைக் கெடுப்பவருக்கும் அவருக்குத் துணைபோனவருக்கும் ஐந்து காசு தண்டம் விதித்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது அது. நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்கு மட்டுமே திறந்திருந்த சபை என்பதால் அதை அப்படியே கொண்டாட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் ஊர்ச் சபை எப்படி நடக்க வேண்டும் என்பதை ஊரே எழுதிவைக்கலாம் என்ற எண்ணம் நமக்கு அந்நியமானதன்று.

ஆகவே உங்கள் குழு ஆய்வு செய்ய வேண்டியது, ஊராட்சியாக இருக்கும்போது முடிவு யார் கையில் இருக்கிறது, பேரூராட்சியான பின் யார் கைக்குப் போகும் என்பதையே. நம் பக்கத்தில் இணைப்பைப் பற்றிய பேச்செல்லாம் வரி, நூறு நாள் வேலை, சாலை என்று அவற்றோடு நின்றுவிடுகிறது. அவை முக்கியமானவையே. ஆனால் அதிகாரம் இடம் மாறுவதே எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் என்பது என் உறுதியான கருத்து.

வாக்குச்சாவடியிலிருந்தே தொடங்குங்கள். ஊரக உள்ளாட்சித் தேர்தலில் உங்கள் ஊரார் ஒவ்வொருவருக்கும் நான்கு வாக்குச் சீட்டுகள் தரப்படுகின்றன: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பேரூராட்சியில் ஒரே வாக்கு, அதுவும் வார்டு கவுன்சிலருக்கு மட்டும். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புறத் தேர்தலுக்குப் பின் பேரூராட்சித் தலைவர்களைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். அதாவது, இன்று தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கக்கூடிய தலைவரை உங்கள் வாக்கு நேரடியாக உருவாக்குகிறது. நாளை அந்தத் தொடர்பு ஒரு கவுன்சிலர் வழியாகத்தான். எடுத்துக்காட்டாக, இன்று ஒன்பது வார்டு உறுப்பினர்கள் இருக்கும் ஓர் ஊராட்சிக்கு, இணைந்த பிறகு இரண்டு கவுன்சிலர்களே கிடைக்கலாம். அதுவும் வார்டு எல்லைகளைப் புதிதாக வகுக்கும் மறுவரையறையில் எல்லைக் கோடு உங்கள் தெருக்களை எப்படிப் பிரிக்கிறது என்பதைப் பொறுத்தது.

அடுத்தது நிர்வாக அதிகாரம். கிராம ஊராட்சியில் செயல் அதிகாரம் தலைவரிடமே இருக்கிறது. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். பேரூராட்சியில் செயல் அதிகாரம் அரசு ஊழியரான செயல் அலுவலரிடம் இருக்கிறது. மன்றம் தீர்மானம் நிறைவேற்றலாம், நிறைவேற்றுபவர் அவர். இதில் நன்மையும் உண்டு. கணக்கும் ஒப்பந்தப் புள்ளியும் பயிற்சி பெற்ற அலுவலர் ஒருவரின் பொறுப்பில் வருகின்றன. ஒரே குடும்பத்தின் பிடியில் இருக்கும் ஊராட்சிகளில் அதுவே பெரிய விடுதலையாக அமையக்கூடும். ஆனால் அவர் இடமாற்றத்தில் போய்விடுவார், உங்கள் ஊர் வாய்க்காலை அறிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கு இல்லை என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கிராம சபையை இழப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் எழுந்து நின்று வரவு செலவைக் கேட்கலாம். நகர்ப்புறத்துக்கு 2022-இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. பகுதி சபைகள் தொடங்கியும் உள்ளன. எனினும் ஊரே ஒரு மரத்தடியில் கூடித் தீர்மானம் எழுதும் சபைக்கு அவை ஈடாகிவிட்டன என்று நான் சொல்ல மாட்டேன். இணைப்பு பற்றிய தீர்மானத்தையும் கிராம சபையில்தான் கொண்டுவர வேண்டும். போதிய வருகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், அதற்கு மேல் 10,000 வரை 200 பேர் வந்திருக்க வேண்டும். அந்தத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் பின்னர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தால், ஊர் உரிய காலத்தில் கருத்துச் சொன்னது என்பதற்கு அதைவிட வலுவான ஆவணம் இராது.

வரியைப் பொறுத்தவரை, உங்கள் ஊராட்சி வீட்டுவரி ரசீதையும் அதே அளவுள்ள வீட்டுக்குப் பேரூராட்சியில் கட்டிய சொத்துவரி ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டியது என்பதால் இரண்டால் பெருக்க மறந்துவிடாதீர்கள். வீடு கட்டாமல் போட்டிருக்கும் மனைக்குக் காலிமனை வரியும் உண்டு. ஊரக வேலை உறுதித் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கானது என்பதால், எத்தனை வீடுகளில் வேலை அட்டை இருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வட்டாரத்துக்கே உரிய ஒரு கேள்வி குளங்கள். ஊராட்சி ஒன்றியப் பொறுப்பில் இருக்கும் சிறு குளங்களும் மடைகளும் இணைப்புக்குப் பின் யார் கணக்கில் வரும், தூர்வாரும் செலவு எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படும் என்பதை எழுத்தில் கேளுங்கள். நெல்லை மாநகராட்சிக்குள் நயினார்குளம் இன்றும் வயலுக்கு நீர் தருகிறது. ஆகவே நகரமானால் பாசனம் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. பொறுப்பாளர் யார் என்பது தெளிவாக இல்லாத குளம்தான் தூர்ந்துபோகும்.

பேரூராட்சியின் கடந்த மூன்று ஆண்டு வரவு செலவு, கடன் நிலுவை, குடிநீர்த் திட்டத்தின் கொள்ளளவு ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டுப் பெறலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். இதை இப்போதே செய்யுங்கள். ஏனென்றால் இணைக்கப் போவதாகச் சொல்லும் உத்தேச அறிவிக்கை அரசிதழில் வந்த பின் ஆட்சேபத்துக்கு வழக்கமாகத் தரப்படுவது ஆறு வாரம்தான். அதற்குள் புள்ளிவிவரம் திரட்ட முடியாது. அறிவிக்கையில் அச்சாகியிருக்கும் கடைசி நாளையே கணக்கில் கொள்ளுங்கள்.

ஆட்சேப மனுவை நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறைச் செயலாளருக்கு எழுதி, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு படி கொடுங்கள். பலர் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்ட மனுவைவிட, குளத்துக்கு ஒன்று, வேலை அட்டைக்கு ஒன்று, வார்டு எல்லைக்கு ஒன்று எனத் தனித்தனியாக, சர்வே எண்ணோடும் ரசீது நகலோடும் வரும் மனுக்களுக்குத் தனித்தனியே பதில் எழுத வேண்டிய கட்டாயம் அலுவலகத்துக்கு ஏற்படும். இணைப்பை முற்றாக எதிர்க்காமல், இன்னின்ன நிபந்தனைகளோடு ஏற்கிறோம் என்றும் எழுதலாம். அது உங்கள் குழுவே கூடித் தீர்மானிக்க வேண்டியது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்தால் மனு எண் இட்ட ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்ததா என்று பார்த்து, அதை மனு நகலோடு சேர்த்து வையுங்கள்.