கேமரா கேள்வி–பதில்: டக் பிடிக்க எங்கே போவது?

கேள்வி: குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் நாலும் சுற்றிவிட்டேன். படம் எடுக்க ஒரு டக் (இழுவைக் கப்பல்) கூடக் கண்ணில் படவில்லையே?
– கல்லூரி மாணவர், தக்கலை

பதில்: தம்பி, பூக்கடையில் போய் மீன் கேட்டால் எப்படி? நீங்கள் சுற்றியதெல்லாம் மீன்பிடித் துறை. விசைப்படகும் வள்ளமும் தானே திரும்பித் தானே அணையும். இடுக்கில் தன்னால் திரும்ப முடியாத பெரிய கப்பல் வருகிற இடத்தில்தான் டக்குக்குச் சோறு. நமக்குப் பக்கத்தில் என்றால் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம். 2024 ஜூலையில் அங்கே முதல் சரக்குப் பெட்டகத் தாய்க்கப்பல் வந்தது. களியக்காவிளை தாண்டி பூவார் வழியாகப் பைக்கிலேயே போய்விடலாம்.

நான் ஆழிமலை சிவன் கோயில் பக்கம் நிற்பேன். அங்கே வரும் கப்பல்களில் சில 400 மீட்டர் நீளம். ஒரு தெருவே நகர்ந்து வருகிற மாதிரி இருக்கும். டக் சுமார் 30 மீட்டர். கைபேசியில் கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் மரைன் டிராபிக் ஆப் இருந்தால் டக்குகள் இளநீலக் குறியாகத் தெரியும். இரண்டு மூன்று இளநீலம் சேர்ந்து வெளியே கிளம்பினால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

காலை ஒன்பதுக்குள் எடுங்கள். வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து விழும். சாயங்காலம் சூரியன் கடலில் நிற்பதால் டக் கரிக்கட்டை ஆகிவிடும். தூத்துக்குடி போனால் இதைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டத்தில் பார்க்க ஆசையா? கொச்சியில் எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போகிற படகில் ஏறுங்கள். சில நாள் டக் நம் படகை உரசாத குறையாகப் போகும். ஒருதரம் அப்படித்தான், தொய்ந்து கிடந்த டக்கின் இழுவைக் கயிறு திடீரென்று விறைத்தது; ஊறிய தண்ணீர் முறுக்கிப் பிழிந்த வேட்டியிலிருந்து போலத் தெறித்தது. நான் லென்ஸ் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்தப் படம் என்னிடம் இல்லை.

ஒன்று மட்டும்: பொது இடத்திலிருந்து எடுங்கள். துறைமுகத்தின் உள்பகுதி பாதுகாப்பு வளையம், அனுமதி வேண்டும். கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம். ஒரு துறைமுக வாசலில் காவலர் என் கார்டு முழுவதையும் அழிக்க வைத்தார். முந்தின நாள் எடுத்த ஞானஸ்நான வீட்டுப் படமும் அதில்தான் இருந்தது. அந்தக் குழந்தையின் தாத்தா இப்போதும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கேள்வி: தூரத்தில் வருவது டக்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ராத்திரியில்?
– வாசகி, மணவாளக்குறிச்சி

பதில்: உடம்பு குட்டை, தலை உயரம். நாலு பக்கமும் கண்ணாடி வைத்த மாலுமி அறை கிட்டத்தட்ட நடுவில் எழும்பி நிற்கும். பின்தளம் தாழ்ந்து தண்ணீரைத் தொடுகிற மாதிரி இருக்கும். மூக்கைச் சுற்றிக் கறுப்பு ரப்பர், சிலதில் பழைய டயர். கப்பலின் வயிற்றில் மூக்கை வைத்துத் தள்ளுவதற்கு.

ராத்திரியில் விளக்கை எண்ணுங்கள். பின்னால் எதையாவது இழுத்துப் போகிற டக்கின் கம்பத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்கு. இழுவையின் நீளம் 200 மீட்டரைத் தாண்டினால் மூன்று. பின்பக்கம் வெள்ளை விளக்குக்கு மேலே ஒரு மஞ்சள். இது உலகம் முழுக்க ஒரே சட்டம். பின்னால் இருட்டாகத்தானே இருக்கிறது என்று வள்ளக்காரர்கள் டக்குக்கும் அது இழுப்பதற்கும் நடுவே புகுந்துவிடக் கூடாது, அங்கே கயிறு கிடக்கும்.

கேள்வி: 600 எம்.எம். லென்ஸ் வாங்கணுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். கடலில் மதியத்துக்கு மேல் எழும்பும் மங்கலை எந்த லென்ஸும் துளைக்காது. 70-300 போதும். மிச்சக் காசில் பருத்தித் துணி நாலு வாங்குங்கள். ஆனி ஆடியில் கச்சான் (மேல்காற்று) அடிக்கும்போது பத்து நிமிஷத்தில் கண்ணாடியில் உப்புப் படியும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறும், நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுங்கள்.