கடற்கரைக் கற்சுவரில் ஒட்டியிருக்கும் குட்டி நத்தைகள் உயிரோடுதான் இருக்கின்றனவா?

ஆமாம். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை மாதிரி இடங்களில் அலைகூட எட்டாத உயரத்தில், மிளகு தெளித்தாற்போல் கல்லில் ஒட்டியிருப்பவை எக்கினோலிட்டோரினா என்ற பேரினத்தைச் சேர்ந்த கடல் நத்தைகள். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. பலவற்றின் ஓட்டில் சிறு முடிச்சுகள் இருக்கும்.

கடல் நத்தைக்கு வெயிலில் என்ன வேலை? கீழே நண்டும், நத்தை தின்னும் நத்தைகளும் அதிகம். மேலே தொல்லை குறைவு. ஆனால் நம்மூர் மதிய வெயிலில் அந்தக் கல்லில் கை வைக்க முடியாது. அதனால் நத்தை உடலை உள்ளிழுத்து, வாசலை மூடியால் அடைத்துவிடும். பிறகு ஓட்டின் விளிம்பை மட்டும் காய்ந்த பசையால் கல்லில் ஒட்டவைத்துத் தொங்கும். சூடான கல்லில் உடல் படாது, ஈரமும் போகாது. உள்ளே உயிர்ச்செயல்களும் மந்தமாகிவிடும், அடுப்பை சிம்மில் வைக்கிற மாதிரி. இந்தப் பேரினத்தின் மலாக்கானா என்ற இனம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டையும் தாங்குகிறது (எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்!). அலைத்துளியோ மழையோ கல்லை நனைத்தால் எழுந்து நகர்ந்து, பாசிப் படலத்தைச் சுரண்டித் தின்னும். முட்டைகளை மட்டும் கடலில்தான் விட வேண்டும்.

அப்புறம், கரையில் மாட்டிக்கொண்டது என்று பாவப்பட்டுப் பிய்த்துக் கடலில் எறிபவர்கள் உண்டு. அது மாட்டிக்கொள்ளவில்லை, அந்த வறண்ட கல்தான் அதன் வீடு.